ரத்தம் நின்ற கண்ணுக்கு ஆக்சிஜன்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஈட்டே பூரமா என்றொரு அறுவைச் சிகிச்சை நிபுணர் இருந்தார். 1960இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே படிப்பவரை நிறுத்தி வைக்கும்: ‘ரத்தமில்லா வாழ்வு’. பன்றிக்குட்டிகளை உயர் அழுத்த அறை ஒன்றுக்குள் வைத்து, வளிமண்டல அழுத்தத்தைப்போல மூன்று மடங்கு அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தார். பிறகு உடம்பிலிருந்த ரத்தத்தைப் படிப்படியாக வெளியே எடுத்து, அந்த இடத்தில் பிளாஸ்மா போன்ற ஒரு திரவத்தை ஏற்றினார். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அநேகமாக ஒன்றுமே மிஞ்சாத நிலை. சாதாரண அறையில் என்றால் சில நிமிடங்களில் உயிர் போயிருக்கும். இங்கே இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. ரத்தத்தைத் திரும்ப ஏற்றியதும் குட்டிகள் தேறிவிட்டன.

இதில் மாயம் எதுவும் இல்லை. 1803இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி சொன்ன விதிதான் வேலை செய்தது. ஒரு வாயுவின் அழுத்தம் கூடக்கூட, அது திரவத்தில் அதே விகிதத்தில் கூடுதலாகக் கரையும். நாம் காற்றைச் சுவாசிக்கும்போதே ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட முழுவதும் நிரம்பிவிடுகிறது. சுத்தமான ஆக்சிஜனைக் கொடுத்தாலும் அதில் ஏற்ற இடம் அதிகமில்லை. ஆனால் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இடம் இருக்கிறது. காற்றைச் சுவாசிக்கையில் 100 மில்லி ரத்தத்தில் வெறும் 0.3 மில்லி ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். சுத்தமான ஆக்சிஜன் என்றால் அது சுமார் 2 மில்லி. மூன்று வளிமண்டல அழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜன் என்றால் சுமார் 6 மில்லி. ஓய்வாக இருக்கும் உடலின் திசுக்கள் ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலிருந்தும் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய இதே அளவுதான். சிவப்பணுவே இல்லாமல் அந்தக் குட்டிகள் பிழைத்திருந்த கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கு மனிதக் கண்ணுக்குள் எப்படிப் பயன்படுகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ஆக்சிஜன் கேட்கும் திசுக்களில் அதுவும் ஒன்று. இவ்வளவு பசியுள்ள திசுவுக்கு ரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. பார்வை நரம்பின் நடுவே நுழைந்து வரும் மையத் தமனி ஒன்று. விழித்திரையின் உட்புற அடுக்குகளுக்கு, அதாவது கண்ணின் நடுப்பக்கம் பார்த்திருக்கும் பாதிக்கு, அதுதான் ஆதாரம். இன்னொன்று விழித்திரைக்குப் பின்னால் விரிந்திருக்கும் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலம். ஒளியை உணரும் கோல் செல்களும் கூம்பு செல்களும் இருக்கும் வெளிப்புறப் பாதி அதை நம்பி வாழ்கிறது. கோராய்டில் ரத்தம் வெள்ளமாக ஓடுகிறது. கண்ணுக்குள் வரும் ரத்தத்தில் பெரும் பங்கு அதற்குத்தான் போகிறது. அதிலுள்ள ஆக்சிஜனில் மிகச் சிறிய பங்கை மட்டும் கொடுத்துவிட்டு, மீதி அப்படியே சிரைகளில் திரும்பிப் போய்விடுகிறது.

இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே கிடக்கும் வயலாக விழித்திரையை நினைத்துக்கொள்ளலாம். மேல் வாய்க்கால் அடைத்துக்கொண்டால் வயலின் மேல்பாதி காய்கிறது. கீழ் வாய்க்காலில் நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அதன் பொசிவு பாதி வயலைத் தாண்டுவதில்லை. கீழ் வாய்க்காலின் நீர்மட்டத்தை உயர்த்தினால் பொசிவு மேல்வரப்பு வரைக்கும் போய்ச் சேரும். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை செய்வது அதைத்தான். கோராய்டு ரத்தத்தில் கரைந்த ஆக்சிஜனின் மட்டம் பல மடங்கு ஏறும்போது, அது விழித்திரையின் முழுத் தடிமனையும் ஊடுருவி உட்புற அடுக்குகளை எட்டுகிறது. அடைப்பை இது எடுப்பதில்லை, ரத்தக்கட்டியைக் கரைப்பதும் இல்லை. அடைப்பு நீங்கும்வரை செல்களைச் சாகாமல் வைத்திருக்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். மையத் தமனியின் அடைப்பு பலருக்குச் சில நாட்களில் தானாகவே ஓரளவு விலகிவிடுவதால்தான் இந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் உண்டு. விலகும் வேளையில் உயிரோடு ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

அந்த அடைப்பு எப்படி வருகிறது? மையத் தமனி ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அகலமே உள்ள குழாய். கழுத்தின் கரோட்டிட் தமனிச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து வரலாம். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தின் மேலறையில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று கிளம்பி வரலாம். எங்கிருந்து வந்தாலும் விளைவு ஒன்றே. ஒரு கண்ணில் பார்வை சில நொடிகளிலோ நிமிடங்களிலோ இருண்டுபோகிறது. வலி கிடையாது, கண் சிவப்பதில்லை, நீர் வடிவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நல்ல கண்ணாகவே தெரியும். சிலர் தூங்கி எழும்போதுதான் கவனிக்கிறார்கள். இன்னொரு கண் நன்றாக இருப்பதால், எதற்கோ அந்தக் கண்ணை மூடும்போதுதான் சிலருக்குத் தெரியவே வருகிறது.

உள்ளே நடப்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. ஒளியை வாங்கும் கோல், கூம்பு செல்கள் கோராய்டின் தயவில் உயிரோடு இருக்கின்றன. அவை வாங்கிய செய்தியை மூளைக்கு அனுப்ப வேண்டிய நரம்புச் செல்கள் உட்புற அடுக்கில் இருக்கின்றன. ஏறக்குறைய பத்து லட்சம் செல்கள். மூச்சுத் திணறுவது அவைதான். கண்ணுக்குள் ஒளி விழுகிறது, விழுந்த ஒளி உணரவும் படுகிறது, ஆனால் அந்தச் செய்தி கண்ணை விட்டு வெளியேற வழியில்லை.

1851இல் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கும் கருவியை உலகுக்கு அறிவித்தார். அதற்குமுன் உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர்கள் பார்த்ததில்லை எனலாம். எட்டே ஆண்டுகளில், 1859இல், பெர்லினில் கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே இந்த நோயை விவரித்துவிட்டார். இதய வால்வில் நோய் கண்ட ஒருவரின் கண்ணுக்குள் பார்த்து, இதயத்திலிருந்து வந்த துணுக்கு இந்தத் தமனியை அடைத்திருக்கிறது என்று அவர் சொன்னார். இன்றைய கண் மருத்துவரும் கிட்டத்தட்ட அதே காட்சியைத்தான் பார்க்கிறார். வழக்கமாக ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் விழித்திரை பால் கலந்ததுபோல வெளுத்திருக்கும். தமனிகள் நூலாக மெலிந்திருக்கும். சில இடங்களில் ரத்தம் தொடர்ச்சி அறுந்து துண்டு துண்டாக நின்றிருக்கும், அல்லது மெல்ல நகரும். அந்த வெளுப்பின் நடுவே ஒரு சிவப்புப் புள்ளி. மருத்துவ மாணவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்யும் ‘செர்ரி ரெட் ஸ்பாட்’ இதுதான்.

அந்தப் புள்ளியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விழித்திரையின் நட்டநடுப் பள்ளத்தில் உட்புற அடுக்குகள் விலகியிருக்கின்றன. கூர்மையான பார்வைக்காக, ஒளியின் பாதையை மறைக்காமல் ஒதுங்கிய அமைப்பு அது. அங்கே ரத்தக்குழாயும் கிடையாது. வீங்கி வெளுக்க அங்கே உட்புற அடுக்கு இல்லாததால், பின்னாலிருக்கும் கோராய்டின் சிவப்பு அந்த இடத்தில் மட்டும் அப்படியே தெரிகிறது. வறண்டுபோகும் விழித்திரைக்குப் பின்னால் ஒரு வெள்ளம் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்ணெதிரே காட்டும் சாளரம் அந்தப் புள்ளி. சிகிச்சைக்கான வழி எது என்பதையும் அதுவே காட்டுகிறது.

ஆனால் அது தெரியத் தொடங்கும் நேரம் நல்ல நேரம் அல்ல. செல்கள் வீங்கிச் சுற்றுப்புறம் வெளுத்த பிறகுதான் நடுச்சிவப்பு தனித்துத் தெரியும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். முதல் ஒரு மணி நேரத்தில் வருபவரின் விழித்திரை ஏறக்குறைய இயல்பாகவே இருக்கலாம். அனுபவம் குறைந்தவர் கண்ணில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பக்கூடிய வேளையும், காப்பாற்ற அதிக வாய்ப்புள்ள வேளையும் ஒன்றாக அமைந்துவிட்டன. இஸ்ரேலில் உயர் அழுத்த ஆக்சிஜன் பெற்ற 128 பேரைப் பற்றி 2017இல் வெளிவந்த ஆய்வு இதை எண்களில் சொல்கிறது. சிகிச்சைக்குமுன் செர்ரி ரெட் ஸ்பாட் இல்லாதவர்களில் 86 சதவீதத்தினருக்குப் பார்வையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கிடைத்தது. அது ஏற்கெனவே தோன்றியிருந்தவர்களில் சுமார் 58 சதவீதத்தினருக்குத்தான் கிடைத்தது.

அப்படியானால் எத்தனை மணி நேரம் இருக்கிறது? இதை விடாமல் துரத்தியவர் பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹைரே. வயதான, ரத்த அழுத்தமும் ரத்தக்குழாய்த் தடிப்பும் உள்ள ரீசஸ் குரங்குகளின் மையத் தமனியை இறுக்கிப் பிடித்து, வெவ்வேறு நேரங்களுக்குப் பிறகு விட்டுப் பார்த்தார். 97 நிமிடம்வரை விழித்திரை சேதமின்றித் தாங்கியது. 240 நிமிடம் ஆனபோது சேதம் பெரிது, திரும்பவும் வராது. இதைப் படித்துவிட்டு நான்கு மணி நேரம் கடந்தால் கதை முடிந்தது என்று எண்ணிவிடத் தோன்றும். ஆனால் மனிதரின் உடம்புக்குள் நேரும் அடைப்பு இடுக்கி வைத்துப் பிடித்ததுபோல முழுமையாக இருப்பதில்லை. பல நேரங்களில் ஓரமாகக் கொஞ்சம் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவு செல்களை முழுச் சாவுக்கும் முழு உயிர்ப்புக்கும் இடையில் நிறுத்தி வைக்கிறது. எட்டு மணி நேரம் கழித்து வந்தவர்களுக்கும் பார்வை மீண்டதாகப் பதிவுகள் இருப்பது இதனால்தான். சிலருக்குப் பிறவியிலேயே கோராய்டின் பக்கத்திலிருந்து ஒரு சிறு தமனி தனியாக வந்து விழித்திரையின் நடுப்பகுதிக்கு ரத்தம் தரும். அப்படி அமைந்தவர்களுக்கு மற்ற இடமெல்லாம் இருண்டாலும் நடுப்பார்வை தப்பிவிடுவது உண்டு.

கண்ணுக்கு ஆக்சிஜன் கொடுத்துப் பார்க்கும் எண்ணத்தின் வரலாற்றில் ஆர்னல் பாட்ஸ் என்ற அமெரிக்கக் கண் மருத்துவரை விட்டுவிட முடியாது. 1940களில் அமெரிக்க மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகள் பலர் பார்வை இழந்துகொண்டிருந்தார்கள். இன்குபேட்டரில் தாராளமாகக் கொடுக்கப்பட்ட ஆக்சிஜன்தான் காரணமோ என்று பாட்ஸ் சந்தேகித்தார். வாஷிங்டனின் காலிங்கர் நகராட்சி மருத்துவமனையில் ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்துச் சோதித்தார். குழந்தைக்கு மூச்சு முட்டுமே என்று பதறிய செவிலியர் சிலர், இரவில் ரகசியமாக ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்களாம். அந்தப் பதற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாட்ஸின் சந்தேகம் சரியாகவே இருந்தது. அளவு மீறிய ஆக்சிஜன், வளர்ந்து முடியாத விழித்திரையின் ரத்தக்குழாய்களைக் கெடுத்தது. 1956இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. ஆக்சிஜன் கண்ணைக் குருடாக்கும் என்று உலகுக்கு நிரூபித்துக் காட்டிய அதே பாட்ஸ்தான், 1955இல் மையத் தமனி அடைத்த பெரியவர்களுக்கு ஆக்சிஜனைச் சுவாசிக்கக் கொடுத்துப் பார்வை மீளுமா என்று பார்த்து முதற்கட்ட அறிக்கை எழுதினார். ஒரே மூலக்கூறின் இரண்டு முகங்களையும் அச்சமின்றி ஆராய்ந்த மனம் அது.

அழுத்த அறைகளின் வளர்ச்சியில் ஆழ்கடல் முக்குளிப்புக்கும் கடற்படைகளுக்கும் முக்கியப் பங்கு உண்டு.  கண்ணுக்கான சிகிச்சையிலும் அந்தப் பக்கத்தின் பங்கு உண்டு. ஹைஃபாவிலுள்ள இஸ்ரேல் கடற்படை மருத்துவ நிறுவனத்தில் சிகிச்சை பெற்ற 35 பேரை, அழுத்த அறை இல்லாத ஒரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 37 பேரோடு ஒப்பிட்டு 2001இல் ஓர் ஆய்வு வந்தது. எட்டு மணி நேரத்துக்குள் அறைக்குள் போனவர்களில் 82.9 சதவீதத்தினருக்குப் பார்வை கூடியது. மற்றவர்களில் 29.7 சதவீதத்தினருக்கு. வேறுபாடு பெரிது. ஆனாலும் இது பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஒப்பீடு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல. சிகிச்சை இல்லாமலும் சிலர் தேறுகிறார்கள் என்பதை அந்த 29.7 சதவீதமே சொல்கிறது. பார்வை கூடியது என்றால் பழையபடி படிக்க முடிந்தது என்றும் பொருளல்ல. கையசைவு மட்டும் தெரிந்தவருக்கு விரல்களை எண்ண முடிவதும் முன்னேற்றத்தில்தான் சேரும்.

நான் இந்த எண்களை நம்பிக்கையோடுதான் பார்க்கிறேன், அதே நேரம் எச்சரிக்கையோடும். காரணம், இதே நோயில் இன்னொரு நம்பிக்கை நொறுங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கட்டியைக் கரைக்கும் மருந்தைக் குழாய் செலுத்தி நேரே கண் தமனியின் வாயிலிலேயே விடும் முறையைப் பலர் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். ஐரோப்பிய மருத்துவர்கள் குலுக்கல் முறையில் சோதித்து 2010இல் முடிவைச் சொன்னார்கள். பழைய முறைகளைவிடப் பார்வை கூடுதலாக மீளவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. கண்ணை விரலால் அழுத்தி விடுவது, கண்ணழுத்தம் குறைக்கும் மருந்து, ஊசியால் கண்ணின் முன்னறை நீரை எடுப்பது ஆகிய பழைய முறைகளுக்கும் உறுதியான சான்று இல்லை. உயர் அழுத்த ஆக்சிஜனுக்கு அப்படியொரு பெரிய சோதனையின் தீர்ப்பு இன்னும் தேவைப்படுகிறது. கடலடி மற்றும் உயர் அழுத்த மருத்துவத்துக்கான அமெரிக்கச் சங்கம் இந்த நோயைத் தன் அங்கீகரித்த பட்டியலில் சேர்த்திருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு முயன்று பார்க்கலாம் என்பது அவர்கள் வழிகாட்டுதல்.

அந்த வழிகாட்டுதலில் எனக்குப் பிடித்தது அதன் எளிய முதல் படி. அழுத்த அறையைத் தேடுவதற்கு முன்பே, சாதாரண முகக்கவசத்தில் முடிந்தவரை செறிவான ஆக்சிஜனைக் கொடுத்துவிட வேண்டும். சில நிமிடங்களில் பார்வை திரும்பினால் அறையே தேவைப்படாமல் போகலாம். திரும்பாவிட்டால் அறைக்குள் அழுத்தத்தை வளிமண்டலத்தைப்போல 2 மடங்குக்கு உயர்த்துகிறார்கள். பலன் இல்லையென்றால் 2.4, பிறகு 2.8. கடைசி அளவு, கடலில் 18 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம்.

உள்ளே போகும் நோயாளி பருத்தி உடைக்கு மாற வேண்டும். தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. கைபேசி, காது கேட்கும் கருவி, கைச்சூட்டுப் பை எல்லாம் வெளியே. ஆக்சிஜன் செறிந்த இடத்தில் ஒரு பொறி போதும். 1997இல் மிலான் நகர மருத்துவமனை ஒன்றின் அழுத்த அறை தீப்பற்றி 11 பேர் இறந்தார்கள். கதவு மூடி அழுத்தம் ஏறத் தொடங்கியதும் அறை சூடாகும், காது அடைக்கும். எச்சில் விழுங்கியோ, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதியோ காதைத் திறந்துகொள்ளச் சொல்வார்கள். இடையிடையே ஆக்சிஜனை நிறுத்திச் சில நிமிடம் சாதாரணக் காற்றைக் கொடுப்பார்கள். அதிக அழுத்தத்தில் ஆக்சிஜன் மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கலாம் என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர் 1878லேயே காட்டியிருக்கிறார். இடைவேளை அதற்காகத்தான். கூட இருப்பவர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கண்முன் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்கிறார். அழுத்தம் ஏறியபின் விரல் தெரியத் தொடங்கி, வெளியே வந்ததும் மறுபடி மங்கிய நோயாளிகள் உண்டு. தமனி இன்னும் திறக்கவில்லை, செல்கள் இன்னும் சாகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. அப்படிப்பட்டவருக்குச் சிகிச்சையைத் தொடர்கிறார்கள்.

ஆக்சிஜன் மிகுந்தால் ரத்தக்குழாய்கள் சுருங்கும் என்பது உண்மை. ஆனால் சுருக்கத்தால் குறையும் ரத்தத்தைவிட, கரைந்து வரும் ஆக்சிஜன் அதிகம் என்பதால் கணக்கு லாபத்திலேயே முடிகிறது.

பெரும்பாலான ஊர்களில் அழுத்த அறை கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அறை இருக்கிறதோ இல்லையோ, ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திடீரென, வலியில்லாமல் ஒரு கண் இருண்டால் அது பக்கவாதத்தின் ஒரு வகையாக இருக்கலாம். மையத் தமனி அடைப்பு பக்கவாதமே என்று அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் தெளிவாகவே அறிவித்தது. புரை முற்றியிருக்கும், கண்ணாடி பவர் மாறியிருக்கும், சர்க்கரை ஏறியிருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாலு நாள் பார்க்கிற நோய் அல்ல. வாய் கோணினாலோ கை விழுந்தாலோ எப்படி 108ஐ அழைப்போமோ அப்படியே அழைக்க வேண்டும். பார்வை கடைசியாக எப்போது நன்றாக இருந்தது என்பதைக் கடிகாரம் பார்த்து நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். சில நிமிடம் இருண்டு தானாகத் தெளிந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும். கண்ணுக்கு வந்ததுபோல அடுத்த துணுக்கு மூளைக்குப் போகும் ஆபத்து, முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். அதனால் கழுத்துத் தமனிக்கு டாப்ளர், இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ, மூளைக்கு எம்ஆர்ஐ என்று தேடுவார்கள்.

ஐம்பது வயதைக் கடந்தவருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. நெற்றிப்பொட்டில் வலி இருந்ததா, தலை வாரும்போது தொட்டால் வலித்ததா, சாப்பிட மெல்லும்போது தாடை நோகிறதா? ஆம் என்றால் தமனிச் சுவரே அழற்சியால் வீங்கி அடைக்கும் ஜெயன்ட் செல் ஆர்டெரைட்டிஸ் என்ற நோயாக இருக்கலாம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளைப் பார்ப்பார்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் திசுப் பரிசோதனை முடிவுக்குக்கூடக் காத்திராமல் அன்றைக்கே ஸ்டீராய்டு தொடங்கிவிடுவார்கள். தாமதித்தால் சில நாட்களிலேயே அடுத்த கண்ணும் போகக்கூடும் என்பதால்தான் அந்த அவசரம்.